பந்தியில் பிறந்த சபை

கள்ளக்குறிச்சியிலிருந்து திருவண்ணாமலைக்கு வடக்கே போகும் பஸ், சங்கராபுரத்தில் கூட்டத்தை இறக்கி ஏற்றிக்கொண்டு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைப் பக்கம் நகரும். மேற்கில் கல்வராயன் மலை வழி நெடுக விடாமல் கூடவே வரும். இரண்டு பக்கமும் கரும்பு, நெல், மரவள்ளி. ஊருக்குள் மாரியம்மன் கோயில் தெரியும். கொஞ்சம் தள்ளி, காலனிக்குத் திரும்பும் சாலையில் வெள்ளையடித்த சிறு கட்டடம், நெற்றியில் சிலுவை. கத்தோலிக்கர்களுடையதா, நேற்று வந்த பெந்தெகொஸ்தே சபையா என்று பஸ்ஸிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. சுவரில் 'ஏ.எல்.சி.' என்று எழுதியிருந்தால், அதன் கதை நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் பின்னால் போகும்.

ஏ.எல்.சி. என்றால் ஆற்காடு லுத்தரன் திருச்சபை. பெரியவர்கள் இன்னமும் 'டேனிஷ் மிஷன்' என்றுதான் சொல்கிறார்கள். கடலூர் தலைமையிடம். பழைய தென்னாற்காடு ஜில்லாவின் பரப்பு, அதாவது இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களும் மேலே திருவண்ணாமலையும் இதன் களம். சங்கராபுரம் வட்டத்தில் கிறிஸ்தவம் என்றால் விரியூர் போன்ற பெரிய கத்தோலிக்க ஊர்கள்தான் முதலில் ஞாபகம் வரும். லுத்தரன்கள் எண்ணிக்கையில் சிறியவர்கள்; மொத்தத் திருச்சபையுமே சில பத்தாயிரம் பேர்தான். திருநெல்வேலிப் பக்கத்துக் கோபுரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கோயில்கள் ஏழைக் கோயில்களாகத் தெரியும். ஏழைகளுடைய கோயில்கள்தான்.

லுத்தரன் வழக்கில் போதகரை 'ஐயர்' என்று கூப்பிடுவார்கள். தரங்கம்பாடிக் காலத்திலிருந்து வரும் சொல். காலனியில் பிறந்து, செமினரியில் படித்து, அங்கி போட்டுத் திரும்பி வருகிறவரை "ஐயர் வராரு" என்று அதே தெருப் பிள்ளைகள் சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குள் ஒரு சின்னக் கலகம் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. வாய்க்குப் பழகிவிட்டது.

1706 ஜூலை 9இல் மிஷனரிகள் சீகன்பால்கும் புளூட்சாவும் தரங்கம்பாடியில் இறங்கியதிலிருந்து தமிழ் லுத்தரன் கதை தொடங்குகிறது. இந்தியர்களில் முதலில் குருப்பட்டம் பெற்ற புரொட்டஸ்டன்ட் போதகர் ஆரோன், கடலூர்க்காரர். வெள்ளாளர் வீட்டுப் பிள்ளை. 1733இல் பட்டம் பெற்றார். அவர் எந்தச் சாதி என்பதை வரலாறு இவ்வளவு கவனமாக எழுதி வைத்திருப்பதே இந்தக் கதையின் முள் எங்கே இருக்கிறது என்று காட்டிவிடும். தரங்கம்பாடியில் ஒரே கூரையின் கீழ் ஆராதனை நடந்தது. உட்காரும் இடம் மட்டும் வேறு வேறாக இருந்தது.

1845இல் டென்மார்க் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றது. அந்தச் சபைகள் ஜெர்மானியர்களின் லீப்சிக் மிஷன் கைக்குப் போயின. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் சாமானியர் இல்லை. 1849 முதல் சில ஆண்டுகள் இந்தியாவில் சுற்றி, தமிழ் கற்று, 1856இல் திருக்குறளை ஜெர்மனில் வெளியிட்டவர். சாதி ஒரு சமூக ஏற்பாடு, சுவிசேஷம் பரவப் பரவத் தானாகத் தேயும், அவசரப்பட்டு அறுக்க வேண்டாம் என்பது அவர் கட்சி. பிறப்பில் எல்லா உயிரும் ஒன்று என்று சொன்ன நூலை ஐரோப்பாவுக்கு எடுத்துப் போனவருக்கு, அந்த ஒரு குறள் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கலாம் என்று தோன்றியிருக்கிறது. நான் கிரவுலை வில்லனாக்க விரும்பவில்லை. ஆனால் மேசை ஓரத்தில் உட்கார்ந்து பொறுமையை உபதேசிப்பது எளிது. வாசலில் நிற்கிறவனுக்குத்தான் அதன் எடை தெரியும்.

அதே மிஷனில் மாயவரத்துப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்த கார்ல் ஓக்ஸ் இதை ஏற்கவில்லை. மற்ற மிஷன்களில் அப்போது 'அன்பு விருந்து' என்று ஒன்று நடந்துகொண்டிருந்தது. எல்லாச் சாதிக் கிறிஸ்தவர்களும் ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும். மறுக்கிறவருக்குச் சபையில் பொறுப்பு கிடையாது. மதுரை அமெரிக்க மிஷன் 1840களிலேயே இந்தச் சோதனையை வைத்தது. குருப்பட்டம் கேட்டு வருகிறவன் சக கிறிஸ்தவனோடு உட்கார்ந்து சாப்பிடக்கூட மாட்டான் என்றால் அவன் கையால் எப்படி நற்கருணை கொடுப்பது என்பதுதான் கேள்வி. இந்தச் சண்டையில் ஓக்ஸ் லீப்சிக்கை விட்டு வெளியேறினார். 1861இல் பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவே மேல்பட்டாம்பாக்கத்தில் வந்து இடம் பிடித்தார். அந்த இடத்துக்கு அவர் வைத்த பெயர் பெத்தானி. சிறிது காலத்திலேயே 1821இல் தொடங்கப்பட்ட டேனிஷ் மிஷனரி சங்கம் அவரைத் தன் மிஷனரியாக ஏற்றுக்கொண்டது. ஆக, சங்கராபுரத்து லுத்தரன் சபைக்கு மூலமாக இருப்பது பந்தியில் யார் யாரோடு உட்காருவது என்ற சண்டை.

மிஷன்கள் ஜில்லாக்களைப் பங்கு போட்டுக்கொண்ட காலம் அது. சேலம் லண்டன் மிஷனுக்கு. வேலூரும் ஆரணியும் திண்டிவனமும் ஸ்கட்டர் குடும்பத்தின் அமெரிக்கன் ஆற்காடு மிஷனுக்கு. தஞ்சாவூர்ப் பக்கம் லீப்சிக்குக்கு. நடுவில் மிச்சமிருந்த தென்னாற்காட்டின் வறண்ட உள்நாட்டில் டேனிஷ்காரர்கள் மெல்ல மெல்ல நகர்ந்தார்கள். தென்பெண்ணைக் கரையில் திருக்கோவிலூரில் சீலோவாம் என்று ஒரு நிலையம். பிற்காலத்தில் அங்கே எழுந்த டேனிஷ் மிஷன் ஆஸ்பத்திரி இன்றும் இருக்கிறது. முதல் ஆழ்வார் மூவரும் இடைகழியில் நெருக்கி நின்றதாகச் சொல்லும் அதே ஊர்தான். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்ற அந்தக் கதையும் இடம் பகிர்வதைப் பற்றியதுதான் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

சபைக்கு வந்தவர்கள் யார்? பெரும்பாலும் படியாட்கள். பண்ணைக்காரர் வீட்டில் கடனுக்கும் கூலி நெல்லுக்கும் பரம்பரையாகக் கட்டுப்பட்டவர்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் தமிழ்நாடெங்கும் இவர்கள் மிஷன் வாசல்களுக்கு வந்தார்கள். கஞ்சிக்கு வந்தார்கள் என்று பிறகு ஏளனம் செய்தவர்கள் உண்டு. கஞ்சிக்காக வந்திருந்தால்தான் என்ன? சேரியில் ஓலைக் கூரை போட்ட ஒரு பள்ளிக்கூடம், வாரம் ஒருமுறை நடந்தே வரும் உபதேசியார், பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு துரை: இதெல்லாம் அதற்குமுன் வராத தெரு அது. அந்த ஓலைக் கூரையே பகலில் கோயில், பள்ளி. ராத்திரியில் பஞ்சாயத்துப் பேசும் இடம். கிராமச் சபை பல இடங்களில் அப்படித்தான் முளைத்தது.

டேனிஷ் மிஷனுக்குள்ளேயே ஒரு கலகமும் நடந்தது. 1909இல் வந்த ஆன் மேரி பீட்டர்சனும், அவருக்குப் பின் வந்த எஸ்தர் ஃபேரிங்கும் 1917இல் அகமதாபாத் ஆசிரமத்துக்குப் போய்க் காந்தியைப் பார்த்தார்கள். மிஷனுக்கும் ஆங்கில அரசுக்கும் அது பிடிக்கவில்லை. இருவரும் மிஷனை விட்டு விலகினார்கள். பீட்டர்சன் பரங்கிப்பேட்டையில் பெண்களுக்கு ஒரு தேசியப் பள்ளி தொடங்கினார். சேவா மந்திர் என்று இன்றும் அந்த இடம் இருக்கிறது. எஸ்தருக்குக் காந்தி எழுதிய கடிதங்கள் பின்னால் புத்தகமாகவே வந்தன. துரைகள் பங்களாவிலும் சபையார் குடிசையிலும் இருப்பது பீட்டர்சனுக்கு உறுத்தியது. ஓக்ஸ் எழுப்பிய கேள்வியை அவர் வெள்ளைக்காரர்களைப் பார்த்துத் திருப்பினார் என்று சொல்லலாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு நிர்வாகம் தமிழர் கைக்கு வந்தது. டென்மார்க்கில் டேனிஷ் மிஷனரி சங்கமே 2000இல் இன்னொரு மிஷனோடு இணைந்து டேன்மிஷன் என்று பெயர் மாறிவிட்டது.

ஒரே பந்திக் கேள்வி மட்டும் இந்த மண்ணை விட்டுப் போகவில்லை. இதே மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டைப் பக்கம் எறையூர் இருக்கிறது. பழைய கத்தோலிக்க ஊர். தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டதை ஒட்டி 2008 மார்ச் 9இல் கலவரம். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். தலித், மற்ற சாதி என்று இருதரப்பும் ஒரே ஜெபமாலையை உருட்டுகிறவர்கள். லுத்தரன் சபைகளில் இப்படி நடக்கவில்லை என்று பெருமைப்பட இடமில்லை. இங்கே பல ஊர்களில் சபை முழுவதும் ஒரே தெருவாக இருக்கும்போது யார் யாரோடு சண்டை போடுவது? ஓக்ஸ் விரும்பிய பந்தி நடக்கிறது. மற்ற சாதிக்காரர்கள் அதற்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அறுப்பின் பண்டிகையன்று போய்ப் பாருங்கள். பூசணி, கரும்புக் கட்டு, மரவள்ளிக் கிழங்கு, காலைக் கட்டிய சேவல், ஒரு மூட்டை நெல் எல்லாம் பீடத்தின் முன் குவியும். ஆராதனை முடிந்ததும் ஏலம். நூறு ரூபாய் பெறாத பூசணியை ஐநூறுக்குக் கேட்பவர் பெங்களூரில் கட்டட வேலை செய்து லீவுக்கு வந்தவராக இருப்பார். தாத்தா படியாளாக இருந்த நிலத்தில் விளைந்ததாகக்கூட இருக்கலாம் அந்தப் பூசணி.

கோயில் பீரோவில் இன்னொரு சொத்து இருக்கிறது: ஞானஸ்நான ரிஜிஸ்டர். ஒரு காலத்தில் சேரிக்காரர் பெயரைத் தேதியோடு, அப்பா பெயரோடு மரியாதையாக எழுதி வைத்த அபூர்வ ஏடு அது. பின்னால் அதுவே சிக்கலும் ஆனது. 1950 ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். தாசில்தார் ஆபீசில் ஒரு பெயர், கோயிலில் ஒரு பெயர் என்று இரண்டு பெயரோடு வாழ்வது தமிழ்நாட்டுத் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் புதிது இல்லை. 2022 அக்டோபரில் இதை ஆராய ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது. 2023 ஏப்ரல் 19இல் தமிழகச் சட்டமன்றம் கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்கும் பட்டியல் சாதி உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் பட்டியல் சாதிச் சான்றிதழ் தர உத்தரவிட மறுத்தது. குழந்தையாக இருந்தபோது அவர் பெற்ற ஞானஸ்நானமும் அதற்கு ஆதாரமானது.

இனி ஒரு தாய் கைக்குழந்தையோடு வந்து, "ஐயரே, தண்ணி தெளிச்சுடுங்க, நோட்டுல மட்டும் எழுத வேண்டாம்" என்று கேட்டால் ஐயர் பேனாவை மூடுவாரா, திறப்பாரா?