மகபத்கானுக்கு ஒரு பக்கம்

செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கும் சாதத்துல்லா கான் பள்ளிவாசலைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் நான்கு வரி எழுத உட்காருபவர் முதல் வரியிலேயே சற்று நிற்க வேண்டியிருக்கிறது. கட்டிய காலம் 1717–18. ஏன் இரண்டு ஆண்டு? பாரசீகக் கல்வெட்டுகளின் கணக்கு ஹிஜ்ரி ஆண்டு. அதற்கு 354 அல்லது 355 நாள்தான். ஓர் ஆங்கில ஆண்டின் இடையில் பிறந்து அடுத்த ஆண்டில் முடிவதே அதன் வழக்கம். மாதம் தெரியாதபோது இரண்டையும் எழுதுவதுதான் நேர்மை. இதை அறியாத ஒருவர் நல்லெண்ணத்தோடு வந்து 18ஐ அழித்துவிட்டுப் போகலாம். அப்போது பழைய வடிவத்துக்குத் திருப்பும் ‘மீளமை’யை அழுத்தினால் மட்டும் போதாது. பேச்சுப் பக்கத்தில் காரணத்தைப் பொறுமையாக எழுதிவைக்க வேண்டும். இந்தப் பணியில் பாதி நேரம் அங்கேதான் செலவாகிறது.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. இலங்கையரான மயூரநாதன் வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே அதற்கு அடித்தளம் போட்டார். 2017இல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. எழுதுபவர் யாருக்கும் சம்பளம் கிடையாது. அதற்கு முன்பே தமிழில் இஸ்லாமியக் கலைக்களஞ்சியம் அச்சில் இருந்தது, எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் பல தொகுதிகளாகத் தொகுத்த பெரும்பணி அது. ஒரே மனிதரின் கண் முழுதும் ஓடியதால் அதற்கு ஒரே நடை. இணையத்தில் நூறு கைகள் படுகின்றன. நடை சிதறும். ஆனால் ஒரு பிழையைத் திருத்த அடுத்த பதிப்புவரை காத்திருக்க வேண்டாம்.

இஸ்லாம் பற்றி எழுதும்போது சொல்தான் முதலில் வழுக்கும். ஆங்கிலக் கட்டுரையைப் பார்த்து எழுதுகிறவர் எல்லா இடத்திலும் ‘பிரார்த்தனை’ என்று போட்டுவிடுகிறார். தமிழ் முஸ்லிம் வீட்டில் ஐவேளையும் நடப்பது தொழுகை. கையேந்திக் கேட்பது துஆ. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் கட்டுரையே பிழையாகிவிடும். ரமலானில் வைப்பது நோன்பு. அதை விரதம் என்று எழுதினால் அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தன் வீடே அடையாளம் தெரியாது. செய்தித்தாள் மசூதி என்கிறது, தெருவில் பள்ளிவாசல் என்கிறார்கள். எதைத் தட்டினாலும் சரியான இடத்துக்குப் போக ஒரு வழிமாற்று போதும். பெயர் எழுதுவது இன்னும் சிக்கல். முகமது, முகம்மது, முஹம்மத். கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்று தமிழ் விக்கிப்பீடியர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். அந்த வாதம் ஒவ்வொரு முஸ்லிம் பெயரிலும் வந்து நிற்கும்.

மரியாதைக்கும் இங்கே தனி இலக்கணம் தேவைப்படுகிறது. நபிகளின் பெயருக்குப் பின் வாழ்த்துரை சேர்ப்பதில்லை என்று ஆங்கில விக்கிப்பீடியா எழுதியே வைத்திருக்கிறது. தமிழில் அதோடு வேலை முடிவதில்லை, வினைமுற்று எழுந்து நிற்கிறது. ‘பிறந்தார்’ என்ற ஈற்றிலேயே மரியாதை உண்டு. ஆர்க்காட்டு நவாபு ‘வென்றார்’, செஞ்சியை ஆண்ட தேசிங்கு ‘வீழ்ந்தான்’ என்று ஒரே பத்தியில் எழுதியவர், தான் அறியாமலே பக்கம் சாய்ந்துவிட்டார். நடுநிலை என்பது இங்கே ‘ர்’, ‘ன்’ என்ற ஓர் எழுத்து அளவுக்கு இறங்கி வருகிறது.

தேசிங்கு என்று மக்கள் சொல்லும் தேஜ்சிங், புந்தேல ராஜபுத்திர இளைஞர். 1714 அக்டோபரில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு மோதி இறந்தபோது வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது. அதே களத்தில் அவருக்காக மாண்ட நண்பர் மகபத்கான். கதைப்பாடல் அவரை மோவுத்துக்காரன் என்கிறது, கல்யாணப் பந்தலிலிருந்து போருக்கு எழுந்து வந்தவர் என்கிறது. கோட்டைக்குள் அவர் பெயரிலும் ஒரு பள்ளிவாசல் உண்டு. ஆக, எதிர்த்த நவாபும் முஸ்லிம், உயிர் கொடுத்த தோழரும் முஸ்லிம். இந்தக் கதையை இரண்டு மதங்களின் சண்டையாகச் சுருக்க வருகிறவர் முதலில் நீக்கப் பார்ப்பது மகபத்கான் வரியைத்தான். தொகுப்பவர் கவனிப்புப் பட்டியலில் இந்தக் கதையுள்ள பக்கத்தைச் சேர்த்துவைப்பது இதற்காகத்தான். இதைக் காவல் வேலை என்றே சொல்லலாம்.

காப்பதற்கு உதவும் கருவி ஒன்றே ஒன்று: இதைச் சொல்வது யார்? போருக்குப் புறப்பட்ட தேசிங்கிடம் போகாதே என்பதுபோல் சிங்கவரம் கோயில் அரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஊர் சொல்கிறது. ‘ஊர் வழக்கு’ என்று குறித்து எழுதினால் அது தகவல். குறிக்காமல் எழுதினால் பிரச்சாரம். தர்காவில் அடங்கியிருக்கும் இறைநேசரான அவுலியாவின் கராமத்துக்கும், அதாவது அற்புதத்துக்கும், இதே அளவுகோல்தான். ஒன்றுக்கு ‘நம்பிக்கை’ என்றும் மற்றதற்கு ‘மூடநம்பிக்கை’ என்றும் எழுதக் கூடாது. ‘ஐதீகம்’ என்ற சொல்லை ஒன்றுக்கு மட்டும் ஒதுக்கிவைப்பதும் கூடாது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியப் படைத்தளங்கள் என்று பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுச் சின்னமாக்கியது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டை செஞ்சி. 1677இல் சிவாஜி பிடித்தது உண்மை. அதற்கு முன் அது பிஜப்பூர் சுல்தான்களிடம் இருந்ததும், 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டுக் கைப்பற்றியதும், பிறகு பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் வந்ததும் உண்மை. தலைப்பு ஒருவருடையதாக இருக்கலாம், வரலாற்றுப் பகுதியில் எல்லோருக்கும் இடம் வேண்டும்.

செஞ்சியை அடுத்த நீலாம்பூண்டியில் மகபத்கானும் அவருடைய குதிரை நீலவேணியும் அடங்கியிருப்பதாகச் சொல்கிறார்கள். கையில் கைபேசியும் அரைநாள் ஓய்வும் இருப்பவர் அங்கே போய்ப் படமெடுத்து விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். படத்தின் கீழே ‘மகபத்கான் சமாதி’ என்று அடித்துவிட்டு, சேமிக்கும் முன் ஒருமுறை படித்துப் பார்த்து, ‘என ஊரார் கூறும் இடம்’ என்று சேர்ப்பார்.