வேலியோரத்து வைத்தியம்

யாழ்ப்பாணத்து வளவுகளில் மூலிகைத் தோட்டம் என்று தனியாக ஒன்று இருந்ததில்லை. கறிவேப்பிலையும் முருங்கையும் கிணற்றடியை அண்டி நின்றன. வல்லாரையும் பொன்னாங்காணியும் வாய்க்கால் ஈரத்திற் படர்ந்தன. மற்றவை பெரும்பாலும் வேலியையே உறைவிடமாகக் கொண்டன. கிளுவையும் பூவரசும் கதியால்களாக நிற்க, அவற்றைப் பற்றிக்கொண்டு முசுட்டையும் மொசுமொசுக்கையும் குறிஞ்சாவும் ஏறின. ஒழுங்கைப் பக்கத்தில் ஆடாதோடை நின்றது. ஆடு கடியாத செடியாதலால் அதற்குக் காவல் வேண்டியிருக்கவில்லை. இவற்றுட் பலவற்றை எவரும் நட்டதில்லை. வேலி அடைக்கும்போது வெட்டாமல் விட்டதே அவற்றிற்குச் செய்த பராமரிப்பு.

உணவுக்கும் மருந்துக்கும் இடையில் அன்றைய இல்லத்தரசி கோடு கிழித்தவளல்லள். முசுட்டை இலையைச் சிறிதாக அரிந்து தேங்காய்ப்பூச் சேர்த்தால் மதியச் சோற்றுக்கு வறை. மொசுமொசுக்கையை அரிசிமாவோடு பிசைந்து சுட்டால், சளி பிடித்த பிள்ளைக்கு மருந்தென்று சொல்லாமலே கொடுக்கத்தக்க றொட்டி. தூதுவளை சம்பலாகும், முடக்கொத்தான் இரசமாகும். மகப்பேற்றின் பின் மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், உள்ளி என்பவற்றை அம்மியில் அரைத்து ஆக்கும் சரக்குக் கறியோ உணவு எது, மருந்து எது என்று பிரித்துக் காட்டவியலாதது. செவ்வரத்தை இலைச் சாறு தலைமுழுக உதவிற்று. கரிசலாங்கண்ணிச் சாற்றில் தோய்த்து உலர்த்திய வெண்துணியைத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரித்து, கவிழ்த்த சட்டியிற் படிந்த கரியைக் குழைத்துக் கண்மை செய்தனர். (குழந்தையின் கண்ணில் எதையும் இடலாகாது என்பர் இன்றைய வைத்தியர், அதுவே தக்கது.)

செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்கள் யாழ்ப்பாண அரசர் பெயரால் வழங்குவன. அவை பரியாரிமார்க்குப் பயன்பட்டன. அடுக்களை அறிவோ வாய்வழியே நடந்தது. அவ்வறிவு இலையை இனங்காண்பதில் மாத்திரமன்றி, விலக்கை அறிவதிலும் தங்கியிருந்தது. ஆடாதோடை இருமலுக்கு நல்லது என்பதைப் பலரும் அறிவர். அதிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடியொற்றியே புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து ஆக்கப்பட்டது. ஆயின் அதே பொருள் கருப்பையைச் சுருங்கச் செய்யவல்லது. கருவுற்றவளுக்கு அக்குடிநீரைக் கொடாதே என்று தடுத்த மூதாட்டி காரணத்தை அறியாள்; விலக்கை அறிந்திருந்தாள். இன்று கடைப் பொட்டலத்தில் மூலிகையின் பெயரும் குணமும் உள்ளன. விலக்கைச் சொல்ல அருகில் ஆள் இல்லை.

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது குடாநாட்டிற் சவர்க்காரமும் மருந்தும் அருமையாயின. பனம்பழத்தாற் துணி தோய்த்தனர். இருமலுக்கும் வயிற்றுளைவுக்கும் வேலியை நாடினர். ஆயினும் ஷெல் காயத்துக்கு வேலியில் மருந்தில்லை. மூலிகை அக்குறையை ஈடுசெய்தது என்று பெருமை பேசுவது, மருந்தின்றி மாண்டோர்க்குச் செய்யும் அநீதி.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தனர். அடுத்த ஆண்டிற் பலர் மீண்டனர். அவ்வாறு மீண்ட ஒரு குடும்பத்தார் கண்டது கூரையற்ற வீட்டை. முசுட்டை மாத்திரம் வேலியை மூடி முற்றம்வரை வந்திருந்தது. அன்று மூன்று கல் வைத்து மூதாட்டி ஆக்கிய கறி அதுதான்.

அதே வேலியைப் பின்னர் கனடாவிலுள்ள மகனின் பணம் மதிலாக்கிற்று. கிடுகுக்கும் கூலிக்கும் ஆண்டுதோறும் செலவு. அடைக்க ஆளும் இல்லை. மூதாட்டி எதிர்க்கவில்லை. சில ஆண்டுகளின் பின் அங்கே பிள்ளை பெற்ற பேர்த்தி, சரக்கு அரைக்கும் அளவைத் தொலைபேசியிற் கேட்டாள்.

“எத்தனை கரண்டி, அப்பம்மா?”

“கரண்டிக் கணக்கு எனக்குத் தெரியாது, பிள்ளை. மல்லி ஒரு பிடி.”

“ஆருடைய பிடி?”

கேள்வி நியாயமானது. வீட்டிலிருந்த மருமகள் மூதாட்டியைப் பிடி அள்ளச் சொல்லி, அதைக் கரண்டியால் அளந்து அப்பியாசக் கொப்பியில் எழுதினாள். பிறகு ஒவ்வொரு இலையாகக் கேட்டு, ஆருக்கு ஆகாது என்பதையும் எழுதினாள். கொப்பியில் ஏழெட்டுப் பக்கங்கள் நிரம்பின.

இப்பொழுது மதிலின் உட்புறத்துச் சீமெந்துத் தொட்டிகளில் தூதுவளையும் வல்லாரையும் நிற்கின்றன. முசுட்டை தொட்டியில் அடங்கவில்லை. அது அயல் வளவின் எஞ்சிய வேலியிற் படர்கின்றது. வறைக்கு வேண்டுமாயின் அங்கே போய்க் கேட்டுத்தான் ஆய்ந்துவருகின்றனர்.