நாற்பது கெஜத்துக்கு அப்பால்

சென்னையிலிருந்து பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போகிறவர்களில் பெரும்பாலோர் ஸ்ரீபெரும்புதூரைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள்தான். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்தைக் கடந்ததும் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை. 1998 முதல் அங்கிருந்து கார்கள் வெளிவருகின்றன. இன்னும் மேற்கே சுங்குவார்சத்திரம் பக்கம் சாம்சங்கும் ஃபாக்ஸ்கானும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தெற்கே சிங்கப்பெருமாள் கோயில் சாலையில் திரும்பினால் வல்லம் வடகால்; அதற்கப்பால் வண்டலூர்–வாலாஜாபாத் சாலை குறுக்கே வெட்டுகிற ஒரகடம். ராயல் என்ஃபீல்டு, ரெனோ, டெய்ம்லர், அப்போலோ டயர்ஸ் எல்லாம் இந்தப் பக்கம். ராமானுஜர் அவதரித்த தலம் என்று வருகிறவர்கள் ஆதிகேசவப் பெருமாள் கோயிலோடு திரும்பிவிடுவார்கள். ராஜீவ் காந்தி நினைவிடத்துக்கு வருகிறவர்களும் அப்படியே. வல்லக்கோட்டை முருகனைத் தேடிப் போகிற பக்தர்கள் ஒரகடம் பக்கம் வரை எட்டிப் பார்ப்பார்கள். மற்றபடி இதை யாரும் ஊர் பார்க்கிற வழியாக நினைத்ததில்லை. ஷிப்டுக்கு ஷிப்டு கம்பெனி பஸ்கள் ஆளை ஏற்றி இறக்கியபடியே இருக்கின்றன. தமிழ்நாட்டில் இத்தனை பேர் ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கிற வழி குறைவு. இவ்வளவு கொஞ்சமாகப் பயணம் நடக்கிற வழியும் குறைவு.

நகர்வது வேறு, பயணம் வேறு. எங்கே நிற்பது, எதை எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பது, எப்போது கிளம்புவது என்று தானே முடிவு செய்கிறவர்தான் பயணி. விடுதி வாசலில் ஏறி ஆலை வாசலில் இறங்குகிறவருக்கு இந்த மூன்றில் ஒன்றும் கையில் இல்லை. அதே ஆள் ஷிப்டு முடிந்து வந்து, கணினியைத் திறந்து, ஓர் இணைய மாய உலகத்துக்குள் நீண்ட காதுள்ள எல்ஃப் மந்திரவாதியாக இறங்கி, தூரத்திலிருந்தே தீக்கோளம் எறிந்தபடி ஒரு காட்டைக் கடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய நாளில் அவர் செய்த உண்மையான பயணம் அதுதான் என்பது என் வாதம். பொழுதுபோக்கைப் பெரிதுபடுத்திப் பேசுவதாகத் தோன்றலாம். விளையாட்டின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் அப்படித் தோன்றாது.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டை எடுத்துக்கொள்ளலாம். 2004 நவம்பரில் வந்த விளையாட்டு. மந்திரம் கற்ற பிளட் எல்ஃப் இனம் அதில் சேர்ந்தது 2007இல். வாளேந்திய வீரன் எதிரியின் மூக்குக்கு முன்னால் நின்றுதான் வெட்ட முடியும். அவனுக்கு இரும்புக் கவசம் உண்டு. மந்திரவாதிக்கு உடம்பில் இருப்பது வெறும் துணி. அருகில் வந்த எதிரி நாலு அடி அடித்தால் கதை முடிந்தது. அதற்கு ஈடாக அவனுக்குத் தரப்பட்டிருப்பது தூரம்: இப்போதைய பதிப்பில் தீக்கோளம் 40 கெஜம் வரை பாயும். ஆனால் அந்தத் தூரம் சும்மா கிடைப்பதல்ல. மந்திரம் சொல்லி முடிக்க இரண்டு வினாடி போல ஆகும்; அதற்குள் ஒரு காலடி நகர்ந்தாலும் மந்திரம் கலைந்துவிடும். நடுவே ஒரு தூணோ பாறையோ மறைத்தால் மந்திரம் போகாது. அடி தாங்க முன்னால் நிற்கிற டேங்க் எதிரியின் கோபத்தைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும் முன் அவசரப்பட்டு அதிகம் அடித்துவிட்டால், எதிரி திரும்பி நேராக மந்திரவாதியிடம் வருவான். ஆக்ரோ வாங்கிவிட்டாய் என்று குழு முழுவதும் திட்டும். ஆகவே இந்த வேடத்தின் திறமையில் பாதிக்கு மேல் நிற்கிற இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது. மேடு எது, பள்ளம் எது, பின்வாங்க வழி எது, காயம் ஆற்றுகிற ஹீலரின் கண்ணில் படும்படி நிற்கிறோமா, அடுத்து எங்கே தாவலாம் என்று நிலத்தைப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். இருந்த இடத்திலிருந்து 20 கெஜம் முன்னால் தோன்றுகிற பிளிங்க் மந்திரமும் அவனிடம்தான் இருக்கிறது. தூர நகரங்களுக்கு வாசல் திறந்து கூட்டாளிகளை அனுப்பி வைக்கிற மந்திரமும் அவனிடம்தான். அந்த உலகத்தின் போக்குவரத்துத் துறையே மந்திரவாதிதான் என்றால் மிகையில்லை. பயணிக்கு வேண்டிய கண் எல்லாப் பாத்திரங்களிலும் இவனுக்குத்தான் கட்டாயமாக வளர்கிறது.

தூரத்திலிருந்து அடிப்பது கோழைத்தனம் என்று ஒரு பேச்சு விளையாடுகிறவர்களிடையே உண்டு. அது சரியல்ல. நெருங்கி நிற்கிறவனுக்குத் தன் எதிரில் இருப்பதுதான் தெரியும். தள்ளி நிற்கிறவன் களம் முழுவதையும் கணக்கில் வைத்தாக வேண்டும். அவன் உயிர் அடுத்தவர் கையில் இருக்கிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது. வேலெறிகிற முருகனைக் கும்பிடுகிற ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுகிறவருக்கு இந்த வேடம் பொருந்துவதற்கு மண் சார்ந்த, கறாரான ஒரு காரணமும் உண்டு. ஆட்டம் நடக்கிற சர்வர் இங்கே இல்லை. கடலுக்கு அப்பால் இருக்கிறது. 2002இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்துப் போட்ட ஐ2ஐ கடலடிக் கேபிள் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வர 6,400 கிலோமீட்டர் என்றால், எவ்வளவு பணம் கட்டி எந்த இணைப்பு வாங்கினாலும் 32 மில்லிசெகண்டுக்குக் கீழே அந்த வழியில் பிங் என்கிற போய்வரும் நேரம் இறங்காது. ஐரோப்பாவிலுள்ள சர்வர் என்றால் அதுபோல இரண்டு மடங்குக்கு மேல். துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் இந்தத் தாமதம் உயிரை வாங்கும். வாள்காரனுக்கும் எதிரி நகர நகர ஒட்டி நிற்பது சிரமம். இரண்டு வினாடி எடுத்து மந்திரம் சொல்கிறவனுக்கோ நூறு மில்லிசெகண்ட் போனால் போகிறது. உலக உற்பத்திச் சங்கிலியின் நடுவில் இருக்கிற இந்த இடம் விளையாட்டு உலகத்தின் விளிம்பில்தான் இருக்கிறது. விளிம்பில் நிற்கிறவருக்குத் தோதான வேடம் தூரத்திலிருந்து ஆடுகிறதுதான்.

இனி ஆலைக்குள் வருவோம். அசெம்பிளி லைனில் நிற்கிற இடம் நிர்ணயிக்கப்பட்டது. ஒரு ஸ்டேஷனுக்கு இத்தனை வினாடி என்பதும் நிர்ணயிக்கப்பட்டது. பொருள் நகர்ந்து வரும், ஆள் நகரக் கூடாது. நின்றே வேலை செய்கிறவர்கள் இடையில் கிடைக்கிற வாய்ப்பில் உட்கார இருக்கை வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொன்னது. உட்காருவதற்குக்கூடச் சட்டத்தில் ஒரு பிரிவு தேவைப்படுகிற உலகம் அது. எத்தனை நேரம் நிற்பது என்பதும் தகராறுக்குரிய விஷயமே: வேலை நேரத்தை 12 மணிவரை நீட்ட வழிசெய்யும் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று சட்டப்பேரவையில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. இந்த மண்ணில் 2006 முதல் 2014 வரை இயங்கிய நோக்கியா ஆலையை நினைத்துப் பார்க்கலாம். நோக்கியா போன் என்றாலே நம் தலைமுறைக்கு நினைவு வருவது பாம்பு விளையாட்டு. அந்தப் பாம்பு நிற்கவே நிற்காது; தின்னத் தின்ன நீளும், நீள நீளத் தடுக்கும், கடைசியில் தன் உடம்பிலேயே முட்டிச் சாகும். லைனின் வேகத்தை அப்படியே பாக்கெட்டுக்குள் மடித்து வைத்த விளையாட்டு அது. மந்திரவாதியின் விளையாட்டு அதற்கு நேர் எதிர். அங்கே நிற்பதும் நகர்வதும் ஆடுகிறவரின் முடிவு.

மறுப்புகள் இருக்கின்றன, அவற்றில் சில பலமானவை. இந்த விளையாட்டுகளிலும் ஒரே ஓநாயை நூறு முறை கொன்றுதானே லெவல் ஏற வேண்டியிருக்கிறது, அதுவும் இன்னொரு லைன்தானே என்பது முதலாவது. பாதி உண்மை. ஆனால் லைனில் வேகத்தை வைப்பது மேலாளர். இங்கே ஓநாய் அலுத்தால் மலையேறிப் போய் அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று பார்க்கலாம். எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் தொடங்கிய மட் என்ற, இந்த வகையின் முன்னோடி விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவரான ரிச்சர்ட் பார்ட்டில், ஆடுகிறவர்களை நான்கு வகையாகப் பிரித்தார். சாதனை தேடுகிறவர், சகவாசம் தேடுகிறவர், பிறரைத் தாக்குகிறவர் ஆகியோரோடு உலகத்தைச் சுற்றிப் பார்க்கவே வருகிறவர் என்று ஒரு வகையையும் வைத்தார். நான் பேசுவது அந்த நான்காம் வகைக்காரரைப் பற்றி.

அடிமையாகிவிடுவார்கள் என்பது இரண்டாவது. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறைச் சேர்த்திருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. (வேடிக்கை என்னவென்றால், பிளட் எல்ஃப் இனத்தின் கதையே மந்திர போதைக்கு அடிமையான ஓர் இனத்தின் கதைதான்.) ஆனால் தமிழ்நாட்டில் குடும்பங்களை அழித்ததாகப் பேசப்பட்டது பணம் வைத்து ஆடும் ரம்மி வகையறா. அதற்கெதிரான மாநிலச் சட்டம் 2023இல் அமலுக்கு வந்தது. பணம் கட்டி ஆடுகிற விளையாட்டுகளுக்கு நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை தடை 2025 விதிகளில் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம் இணையப் பண விளையாட்டுகளை முழுவதுமாகத் தடுத்தது. பண ரம்மியையும் இந்த விளையாட்டுகளையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுகிறவர்கள் இந்தச் சட்டங்களைப் படிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மதிக்கிறேன். நிற்கிற இடத்தைத் தீர்மானிக்கும் உரிமை திரையில் கிடைத்துவிட்டால் வெளியே அதைக் கேட்க யார் வருவார்கள்? பொம்மை மந்திரக்கோல் கொடுத்து ஆளைச் சாந்தப்படுத்துகிற வேலைதானே இது? இதற்குப் பதில் இந்தச் சாலையிலேயே இருக்கிறது. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் தோழிகள் மருத்துவமனைக்குப் போனபோது, ஃபாக்ஸ்கானில் வேலை செய்த பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இவர்கள் போன் இல்லாத தலைமுறை அல்ல. விளையாட்டு தெரியாத தலைமுறையும் அல்ல. பத்து இருபது பேர் கூடி, யார் முன்னால், யார் பின்னால், யார் யாரைக் காப்பது என்று வகுத்துக்கொண்டு ஒரு பெரிய பூதத்தை வீழ்த்துகிற பழக்கம் ஆளை ஒடுக்கிவிடும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

எல்ஃப் நம்மூர்ச் சரக்கில்லையே என்ற முனகலுக்கு நீண்ட பதில் தேவையில்லை. சிவகணங்களான பூதங்கள் சாபம் தீரத் தவமிருந்து ஆதிகேசவனை எழுந்தருளச் செய்த இடம் என்று ஸ்ரீபெரும்புதூர்த் தலபுராணம் சொல்கிறது. பூதபுரி என்றே இதற்கு இன்னொரு பெயர். அம்புலிமாமா படித்தும் பாதாள பைரவி பார்த்தும் வளர்ந்த வீடுகளுக்கு மந்திரவாதி ஒன்றும் அந்நியன் அல்ல.

உண்மையான தடை வேறு. இந்த வகை விளையாட்டை ஆறு அங்குலத் திரையில் இரண்டு கட்டைவிரலால் ஆடுவது கடினம். இருபது முப்பது மந்திரங்களுக்கு விசைப்பலகை வேண்டும், களம் முழுவதும் தெரியப் பெரிய திரை வேண்டும். போன் தயாரிக்கிற ஊரில் போனுக்குப் பஞ்சமில்லை, கணினிதான் இல்லை. வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில் கட்டி 2024 ஆகஸ்ட் 17 அன்று திறந்த சிப்காட் விடுதியில் 18,720 பெண்கள் தங்க முடியும். அறைக்கு ஆறு பேர். கட்டில் ஒன்று ஒருவருக்குச் சொந்தமாக இருக்கலாம். தனக்கென்று நின்று பார்க்க ஒரு ஜன்னல் இருக்காது. அந்தக் கட்டடங்களில் தொகுதிக்கு ஒரு கூடத்தை ஒதுக்கி, நல்ல இணைப்போடு இருபது கணினிகளைப் போடுவதற்கு ஆகும் செலவு அந்தத் தொகையில் கண்ணுக்கே தெரியாது. படிக்கிறவர்கள் படிக்கட்டும், விண்ணப்பம் போடுகிறவர்கள் போடட்டும். ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து, தூக்கம் வராமல், ஒரு மலையுச்சியில் தான் தேர்ந்த இடத்தில் சற்று நேரம் நிற்க நினைக்கிறவருக்கும் அதில் ஓர் இருக்கை இருக்கட்டும். வார்கிராஃப்டில் 20ஆம் லெவல் வரை காசு கேட்பதில்லை. தொடங்குவதற்கு அது போதும்.