விரலில் ஓடும் நரம்பு

ஈயம் கட்டிய தூண்டிலை ஒரு காலைப்பொழுதில் யாரும் வீசப் பழகிவிடலாம். ஈயத்தின் கனமே நரம்பை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் போட்டுவிடும். ஃப்ளை தூண்டிலில் அந்த உதவி கிடையாது. முள்ளில் கட்டியிருப்பது கொஞ்சம் இறகு, கொஞ்சம் ஆட்டுமயிர், இரண்டு இழை ஜிகினா. ஊதினால் பறந்துவிடும். அதைச் சுமந்து போகும் வேலை நரம்புடையது. அதற்காகவே அந்த நரம்பைப் பூச்சுக் கொடுத்துத் தடிமனாகச் செய்கிறார்கள். கழியைப் பின்னால் வீசியதும் நரம்பு முதுகுக்குப் பின்னே சுருள் பிரிந்து நீளும். முழுசாக நீண்டதும் கழியின் நுனியை ஒரு தரம் இழுக்கும். அந்த இழுப்பு வந்த பிறகுதான் முன்னால் வீச வேண்டும். ஒரு நொடி முந்தினால் சாட்டை சொடுக்குவதுபோல் சத்தம் வந்து இறகு அறுந்து போகும். பிந்தினால் நரம்பு பாறையில் விழும். கண் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் நடப்பது கைக்கு மட்டும் தெரிய வேண்டும். அந்த இழுப்பைக் கை தானாகக் கேட்டு, நரம்பு தண்ணீர்மேல் நேர்கோடாகப் படியும் காலையில் ஒரு மீனும் கிடைக்காவிட்டாலும் மனசு நிறைந்தே வீடு திரும்பியிருக்கிறேன்.

என் கரை டோல்கேட்டின் கரை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே நடந்தால், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச்சாலை. அதைத் தாண்டினால் கருங்கல் கொட்டிய தடுப்புச் சுவர். அதற்கு அப்பால் கடல். சுவரில் நின்று ஃப்ளை வீச முடியாது, நரம்பு லாரிகளின் மேல்தான் விரியும். அதனால் கடலுக்குள் நீளும் கல் தூண்டில் வளைவுகளின் நுனிக்குப் போக வேண்டும். எத்தனையோ ஆண்டுகளாக ராயபுரத்துக்கும் எர்ணாவூருக்கும் நடுவே இந்த வளைவுகளில்தான் என் காலைகள் கழிந்திருக்கின்றன. தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தவனுக்கு அது ஒரு வசதி. இரவு ஷிப்டு முடித்து வெளியே வந்தால் விடிவதற்கு இன்னும் நேரம் இருக்கும். சைக்கிளை நேராகக் கரைக்கு விடுவேன்.

இங்கே நேரத்தை முடிவு செய்வது காற்று. விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று முதுகில் படும்போது ஃப்ளை நரம்பு தானாகவே முன்னால் பறக்கும். முற்பகல் கடந்து கடல்காற்று எழும்பிவிட்டால், வீசியதெல்லாம் முகத்துக்கே திரும்பும். ஆனி, ஆடியில் மேலைக்காற்று பலமாக இருப்பதால் கடல்காற்று தாமதமாக வரும், கரையோரத் தண்ணீரும் அடங்கியிருக்கும். வீசுவதற்கு அதைவிட நல்ல காலம் இந்தக் கரையில் இல்லை. பாறை மீன் குட்டிகளும் சீலாவும் அப்போது கரைக்கு நெருங்கி வரும். ஆனால் என் மனசு போகும் மீன் கொடுவா. அது வருவது ஐப்பசி, கார்த்திகை மழையில். கொசஸ்தலையாற்றில் வெள்ளம் வந்து முகத்துவாரத்து மணல்திட்டை உடைக்கும்போது, மடவைக் கூட்டம் கலங்கிய தண்ணீரோடு வெளியே வரும், அதன் பின்னால் கொடுவா வரும். அந்த மாதங்களில் காற்று வாடை. வடகிழக்கிலிருந்து, கடலிலிருந்து, நெஞ்சுக்கு நேராக அடிக்கும். வீசத் தோதான காலத்தில் கொடுவா இல்லை, கொடுவா இருக்கும் காலத்தில் வீச முடியாது. இந்தக் கலையில் என்னை அதிகம் அலைக்கழித்தது இந்த முரண்தான். அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கவே பல மழைக்காலங்கள் ஆயின. கடலை விட்டு எண்ணூர்க் கழிமுகத்துக்குள் போய், வடகிழக்குக் கரையில் காற்றுக்கு முதுகு கொடுத்து நின்று, தென்மேற்கே வீச வேண்டும். இந்த ஒரு வரி இன்று சுலபமாக எழுத வருகிறது.

தண்ணீரைப் படிக்கக் கற்றுத் தந்தவர் குப்பத்துப் பெரியவர் ஒருவர். அவர் ஃப்ளை தூண்டிலைத் தொட்டதே இல்லை. கட்டுமரம் ஓட்டி, பிறகு ஃபைபர் படகுக்கு மாறியவர். கரைக்கு வந்ததும் முதலில் காற்றைப் பார்ப்பார், பிறகு தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார், அதற்குப் பிறகுதான் பேசுவார். தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி. வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி. நான் வளைவின் வடக்குப் பக்கத்தில் நின்று வீசிக்கொண்டிருந்த ஒரு நாள் தூரத்திலிருந்தே கூப்பிட்டுச் சொன்னார்: “தண்ணி வன்னியில ஓடுது நைனா. இந்தாண்ட தெக்கால வந்து நில்லு.” ஓட்டம் கல்லில் மோதி நுனியைச் சுற்றித் திரும்பும் இடத்தில், அதன் மறைவில், ஒரு சுழிப்பு உண்டாகும். குஞ்சு மீன்கள் இழுத்துச் செல்லப்படாமல் அங்கே ஒதுங்கும். வேகமான தண்ணீரும் மெதுவான தண்ணீரும் தொட்டுக்கொள்ளும் கோட்டில் பெரிய மீன் காத்திருக்கும். அந்தக் கோட்டை மேற்பரப்பில் மினுக்கம் மாறுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். கலங்கலான நாளில் அதுவும் தெரியாது. அப்போது விரலைத்தான் நம்ப வேண்டும்.

வீசிய நரம்பு வலது கை ஆள்காட்டி விரலுக்கு அடியில் ஓடுகிறது. இடது கையால் அதைச் சிறிது சிறிதாக இழுக்கிறோம். நெத்திலி ஒன்று அடிபட்டுத் தடுமாறி ஓடுவதுபோல் இறகு தண்ணீருக்குள் ஓடி நின்று ஓட வேண்டும். அந்த விரலுக்கு எல்லாம் தெரியும். வேகத் தண்ணீரில் நரம்பு இழுபடும், சுழிப்புக்குள் நுழைந்ததும் தொய்யும். மணலில் உரசினால் ஒரு தினுசு, கல்லில் ஒட்டிய ஆளியில் உரசினால் இன்னொரு தினுசு. கிழங்கான் தொட்டால் நரம்பில் ஒரு சிணுங்கல் வரும். சீலா கடித்தால் சிணுங்கல் எதுவும் இருக்காது, நரம்பு திடீரென்று லேசாகிவிடும், அதன் பல்லுக்கு எந்த நரம்பும் தாங்காது. கொடுவா கடிப்பதே கிடையாது. வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும். மேற்பரப்பிலென்றால் ‘டொப்’ என்று சத்தம் கேட்கும். ஆழத்தில் என்றால் விரலில் நரம்பு சும்மா நின்றுவிடும். அந்த நிற்றலைப் பாறை என்று நினைப்பதா, மீன் என்று நினைப்பதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கழியைத் தூக்கக் கூடாது. இடது கையால் நரம்பை நீளமாக, உறுதியாக ஒரு இழு இழுக்க வேண்டும். முள் ஏறிவிட்டால் கொடுவா தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறும். அதன் செவுள் மூடி கத்தி மாதிரி இருக்கும். கடைசி ஒன்றரை முழத்துக்குத் தடித்த நரம்பு போடாதவனுக்கு அந்த உதறலோடு ஆட்டம் முடிந்தது.

இந்த மீனைப் பற்றிப் படிக்கப் படிக்க மரியாதை கூடுகிறது. கொடுவா முதலில் ஆணாக முதிர்கிறது. வயதும் எடையும் கூடிய பிறகு பெரும்பாலானவை பெண்ணாக மாறிவிடும். அப்படியென்றால் பெரிய கொடுவா பெரும்பாலும் முட்டையிடும் தாய். நம் சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-ல் இந்தியாவிலேயே முதன்முறையாக இதைச் சிறைப்படுத்தி இனப்பெருக்கம் செய்து காட்டியது. பண்ணையில் குஞ்சு பொரிக்கலாம் என்றாலும், கழிமுகத்துக்கு மீன் தருவது அந்தத் தாய் மீன்தான். அதனால் பெரியதைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுத்து அனுப்பிவிடுகிறேன். முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கி வைத்திருந்தால் அது ஒரு நொடி வேலை. குப்பத்து நண்பர்களுக்கு இது முதலில் வருத்தமாக இருந்தது. பிழைப்புக்கு மீன் பிடிக்கிறவர்கள் எதிரில் மீனை விடுவது எளிதான காரியம் அல்ல. காரணத்தைச் சொன்னபோது பெரியவர் தலையாட்டினார். சினை மீனை விடும் வழக்கம் அவர் காலத்தில் இருந்தது என்றார்.

இறகு கட்டுவது தனி உலகம். சேவலின் கழுத்திறகும் இடுப்பிறகும் கோழிக்கடையில் கிடைக்கும், ஜிகினா பூக்கடைப் பக்கம் மாலைக்கு விற்பது. முள்ளும் நரம்பும் காசிமேட்டில். உப்புத் தண்ணீரில் நான் அதிகம் நம்புவது அமெரிக்கர் லெஃப்டி கிரே உருவாக்கிய ‘டிசீவர்’ என்ற கட்டு. இறகுகளை முள்ளின் பின்கோடியில் வைத்துக் கட்டுவதால் வீசும்போது அவை வளைவில் சுற்றிக்கொள்ளாது. காற்றடிக்கும் கரையில் இந்தச் சின்ன விஷயம் எத்தனை காலைகளைக் காப்பாற்றியிருக்கிறது! பழைய இங்கிலாந்துக் கட்டுகளில் கண்போலப் பளபளக்கும் புள்ளிகளுக்கு நம் மேற்குமலைச் சாம்பல் காட்டுச்சேவலின் கழுத்திறகுதான் வேண்டும் என்பார்கள். அதற்காக அந்தப் பறவையை ஏராளமாகக் கொன்றார்கள். இன்று சட்டம் அதைக் காக்கிறது. நாட்டுச்சேவல் இறகில் ஒரு புள்ளி மை வைத்தால் கொடுவாவுக்குப் போதும். இந்தக் கலை நம் ஊருக்குப் புதிதல்ல. மதராஸ் அரசுப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் இந்தியத் தூண்டில் கலை பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதினார். நீலகிரியில் டிரவுட் மீனை வளர்த்தெடுத்தவர் எச்.சி. வில்சன். அவலாஞ்சிப் பண்ணை அந்த முயற்சியில் வந்தது. ஃப்ளை என்றதும் தமிழ்நாட்டில் எல்லோரும் அந்தக் குளிர்ந்த ஓடைகளைத்தான் நினைப்பார்கள். டோல்கேட்டின் கடலிலும் அது செல்லும் என்பதை நான் நேசத்தோடு சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனி வருத்தங்கள். வெறுங்கையோடு திரும்புவதை நான் அதில் சேர்ப்பதில்லை. பாறை இடுக்கில் கிடக்கும் அறுந்த வலையில் மாட்டி விலையுயர்ந்த நரம்பு போவதும், கெளுத்தி முள் குத்தி மணிக்கணக்கில் கை கடுப்பதும் கடலோடு வருபவை. தாங்க முடியாதது வேறு. கைக்குத் தெரிந்த தண்ணீரை மனிதர்கள் திரும்பத் திரும்ப மாற்றிவிடுகிறார்கள்.

இது பழைய கதை. இந்தக் கரையில் மணல் வருடக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870-களில் தொடங்கி மதராஸ் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது அந்த மணல் தெற்கே தேங்கியது. மெரினா அகலமானது, ராயபுரத்துக்கு வடக்கே கடல் ஊரைத் தின்னத் தொடங்கியது. வீடுகளும் தெருக்களும் போயின. அதைத் தடுக்கக் கல் கொட்டினார்கள், பிறகு தூண்டில் வளைவுகள் வந்தன. அந்த வளைவில்தான் நான் நின்று மகிழ்கிறேன். என் பாட்டன் தலைமுறை கண்ட மணல் கரையில் வலை இழுத்தவர்களுக்கு அது இழப்பு. இரண்டும் உண்மை, இரண்டையும் சேர்த்தே சுமக்கிறேன்.

எண்ணூர்க் கழிமுகத்தின் நிலை இன்னும் மோசம். அனல்மின் நிலையங்களின் சாம்பல் ஆற்றில் படிந்து, இடுப்பளவு தண்ணீர் இருந்த இடத்தில் இன்று கணுக்கால்தான் நனைகிறது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மக்கள் இறால் தடவிப் பிடித்த சேறு அது. அங்கே நரம்பை இழுக்கும்போது விரலில் மணலின் உரசல் வராது, மாவு மாதிரி ஒரு வழுக்கல் வரும். அது சாம்பல் என்று கை உடனே சொல்லிவிடும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி, கருப்பு எண்ணெய் எர்ணாவூர்ப் பாறைகளில் வந்து படிந்தது. ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆலைகள் இருக்கும் பக்கத்திலிருந்து எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தது. படகும் வலையும் அலையாத்தி வேரும் கறுத்தன. கொடுவா வரும் பருவம் அது. அந்த மழைக்காலம் முழுக்க நான் கழியை எடுக்கவில்லை. எனக்குப் போனது விருப்பம் மட்டும். குப்பத்தில் போனது அரிசிக்கான காசு. பிடித்த மீனை வாங்கவே ஆள் இல்லை. கழிமுகத்தில் பிடித்த மீனை அதன் பிறகு நான் வீட்டுக்குக் கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன். பிடித்த மீனைத் தைரியமாகப் பேரப்பிள்ளைக்கு ஆக்கிப்போட முடியாத கரையில் நிற்கிறோம் என்பதை எந்தச் சமாதானத்தாலும் சரிக்கட்ட எனக்குத் தெரியவில்லை. கழிமுகத்துச் சாம்பலை அள்ளி எடுக்க வேண்டும், இனி ஒரு பிடிகூட விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைக் குப்பத்து மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். தூண்டில்காரர்கள் அவர்கள் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.

இப்போது திருவொற்றியூரில் சூரை மீன்பிடித் துறைமுகம் வந்திருக்கிறது. ஆழ்கடல் படகுகளுக்கு நல்ல காரியம். அதன் சுவர்கள் கடலுக்குள் நீள்வதால் நான் அறிந்த சுழிப்புகள் இடம் மாறிவிட்டன. தெண்டி ஓடும்போது நுனியில் தொய்ய வேண்டிய நரம்பு சில வளைவுகளில் இறுக்கமாகவே நிற்கிறது. மறைவுத் தண்ணீர் இன்னும் வடக்கே தள்ளிப் போயிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஒவ்வொரு வளைவாக நின்று, காற்றையும் ஓட்டத்தையும் அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தையும் நோட்டில் குறித்துவருகிறேன். ஆடி மாதக் குறிப்பு ஓரளவு தெளிவாகிவிட்டது. வன்னி ஓட்டத்துக்கான பக்கங்கள் இன்னும் காலியாக இருக்கின்றன. வாடை தொடங்கியதும் அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்.