தொப்பியைப் பார்த்துப் பெயர் சொல்லாதே

ஏப்ரல் 3, குருசடைத் தீவு அருகே

கச்சான் காற்று இன்னும் எழவில்லை. பவளப்பாருக்கு மேலே தண்ணீர் தெளிந்து கிடந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், ஓரம் மடிந்து மடிந்து, தடித்த காம்பின்மேல் தொப்பி போல ஒரு பழுப்பு மென்பவளம். விரிந்திருந்த பாலிப் ஒவ்வொன்றுக்கும் எட்டு உணர்கொம்புகள்; கொம்பின் இருபுறமும் சீப்புப் பல்லாக இழைகள். கல்பவளம் என்றால் ஆறின் மடங்கில் இருக்கும்.

விரல் பட்டதும் எல்லாம் உள்ளே போய்விட்டன. அப்போதுதான் பார்க்க வேண்டியது தெரிந்தது: பெரிய துளைகளுக்கு நடுவே ஊசிமுனைப் புள்ளிகள். அவையும் பாலிப்தான். இரை பிடிப்பதில்லை, கூட்டம் முழுவதற்கும் தண்ணீர் இறைப்பதே வேலை. சினுலேரியா என்ற மென்பவளப் பேரினத்தில் இந்த இரண்டாம் வகை கிடையாது, அதனால் அது கழிந்தது. லோபோஃபைட்டத்தில் உண்டு, ஆனால் அதன் மேற்பரப்பில் மடல்கள் எழும்பி நிற்கும். இதன் தலை வழவழப்பு. சார்க்கோஃபைட்டான் என்று வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இன்னொன்று சுருங்கி மூடிக் கிடந்தது. மெழுகுத்தோல் உரிக்கும் நேரம் போலிருக்கிறது.

"ஏம்மா, ஒரு பேரு வைக்க இம்புட்டு நேரமா?" என்றார் படகுக்கார அண்ணன்.

ஏப்ரல் 4, ஆய்வுக்கூடம்

வனத்துறை அனுமதியுடன் எடுத்த நகமளவுத் துண்டுகள்: மேல்தோல், உள்சதை, காம்படி, மூன்றும் தனித்தனிக் குப்பியில், எத்தனாலில். ஃபார்மலின் ஆகாது, நாளடைவில் அமிலமாகிச் சதைக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துகள்களைத் தின்றுவிடும். அந்தத் துகள்கள்தான் சாட்சி.

ப்ளீச் விட்டதும் நுரைத்துச் சதை கரைந்தது. அடியில் வெள்ளைப் பொடி. கழுவி நுண்ணோக்கியில் வைத்தால், மேல்தோலில் தலை பருத்த சின்னஞ்சிறு கதாயுதங்கள்; காம்படியில் மருமருவாகத் தடித்த கதிர்கள்.

ஏப்ரல் 6

வெர்ஸ்வெல்ட் 1982-இல் வெளியிட்ட சார்க்கோஃபைட்டான் மறுஆய்வின் படங்களோடு ஒப்பிட்டேன். கிளாக்கம் பக்கம் சாய்கிறது. 1833-இல் குவாயும் கேமாரும் விவரித்த இனம். மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் தொப்பி கண்டதையெல்லாம் கிளாக்கம் என்பார்கள். ஆனால் 2006-இல் மக்ஃபேடன் குழு மரபணுவைப் பார்த்தபோது அந்த ஒரு பெயருக்குள்ளேயே பல வம்சங்கள் வெளிப்பட்டன. லோபோஃபைட்டத்துக்கும் சார்க்கோஃபைட்டானுக்கும் இடையிலான எல்லையே கலங்கியது. துகளை மட்டும் நம்பி முழுப்பெயர் எழுதுவது எனக்கு உவப்பில்லை.

மீதித் துண்டு டி.என்.ஏ. சோதனைக்குப் போகிறது. குப்பிச் சீட்டில் 'சார்க்கோஃபைட்டான், கிளாக்கம் தொகுதி' என்று பென்சிலால் எழுதினேன். பேனா மை எத்தனாலில் ஓடிவிடும்.