தாவீது குடிக்காத தண்ணீர்



சுதந்தர தினத்தை ஒட்டிய ஞாயிறு ஆராதனை முடிந்து, வாசலில் நின்று எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தேன். அடையாறிலிருந்து வரும் ஒரு சகோதரி கூட்டம் குறையும்வரை ஓரமாகக் காத்திருந்தார்கள். அவர்களுடைய ஒரே மகனுக்கு இராணுவ அதிகாரி பணிக்கான எஸ்.எஸ்.பி. நேர்காணல் அழைப்பு வந்திருக்கிறது; அடுத்த மாதம் பெங்களூருக்குப் போகிறான். வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர்கள், “ஐயா, அவன் தேறிவிடக் கூடாது என்று ஜெபம் பண்ணுங்கள்” என்றார்கள்.

அன்று காலைதான் தேசத்துக்கு ஊழியஞ்செய்வதின் மேன்மையைக் குறித்து முக்கால் மணி நேரம் பிரசங்கித்திருந்தேன். அந்தச் சகோதரி முன்வரிசையில் அமர்ந்து கேட்டிருந்தார்கள். “வீட்டுக்கு வந்து பேசுகிறேன், அம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது ஞானத்தினால் சொன்ன பதில் அல்ல. எனக்குச் சொல்ல வேறொன்றும் இல்லாததினால் சொன்னது.

காரணத்தை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 24 அன்று நாமெல்லாரும் மக்களவைத் தேர்தலில் வாக்களித்தோம். மறுநாள், காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் பயங்கரவாதிகளோடு நடந்த சண்டையில் தாம்பரத்தைச் சேர்ந்த மேஜர் முகுந்த் வரதராஜன் உயிர்நீத்தார். வயது 31. அதே சண்டையில் சிப்பாய் விக்ரம் சிங்கும் மரித்தார். அவர் பெயரை நம்மில் எத்தனைபேர் அறிவோம்? முகுந்தின் உடல் பெசன்ட் நகர் மயானத்துக்கு வந்த அன்று நானும் சாலையோரத்தில் நின்றேன். என் விரலில் வாக்குச்சாவடி மை இன்னும் அழியாமல் இருந்தது. நமக்கு அந்த மை எவ்வளவு எளிதாகக் கிடைத்தது என்று எண்ணிக் கண்கலங்கினேன். அடுத்த ஞாயிறு அதையே பிரசங்கமாகவும் செய்தேன்.

2015 குடியரசு தினத்தில் அவருக்குரிய அசோகச் சக்கர விருதை அவர் மனைவி இந்து ரெபேக்கா பெற்றுக்கொண்டார். சமாதான காலத்தில் வீரத்துக்குத் தரப்படும் மிக உயர்ந்த விருது அது. அவர்களுடைய கதையைப் பின்னர் ‘அமரன்’ திரைப்படத்தின் மூலம் நம் பிள்ளைகளும் அறிந்துகொண்டார்கள். நானோ விருது வழங்கப்படுவதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது என் மகனை அழைத்து அருகில் உட்காரவைத்துக் காட்டினேன்.

அந்தச் செயலின் பலன் அடுத்த ஆண்டே என் வீட்டுக்கு வந்தது. கல்லூரியில் என்.சி.சி.யில் ‘சி’ சான்றிதழ் பெற்றிருந்த என் மகன், பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு விண்ணப்பிக்கப்போவதாகச் சொன்னான். அம்மாவின் இரத்த அழுத்தம், தங்கையின் திருமணம், நல்ல சம்பளத்தில் காத்திருந்த மென்பொருள் வேலை, எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். “கர்த்தருடைய சித்தம் என்னவென்று காத்திருந்து பார்” என்றும் சொன்னேன். அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. கர்த்தருடைய சித்தத்தை நான் கேட்கவேயில்லை. என் பயத்துக்கு அவர் பெயரைச் சூட்டினேன். அவன் என்னை எதிர்த்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. இப்போது சோழிங்கநல்லூரில் வேலைசெய்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான்.

இந்த வாரம் முழுவதும் 2 சாமுவேல் 23ஆம் அதிகாரத்தோடு உட்கார்ந்திருந்தேன். தாவீது அதுல்லாம் கெபியில் இருக்கிறான்; அவன் பிறந்த ஊராகிய பெத்லகேமில் பெலிஸ்தரின் தாணையம். ஊர் வாசலண்டையிலிருக்கும் கிணற்றுத் தண்ணீரின்மேல் அவனுக்கு ஏக்கம் வருகிறது. அவன் கட்டளையிடவில்லை, ஆசையை வாய்விட்டுச் சொன்னான், அவ்வளவுதான். மூன்று வீரர் பகைவரின் பாளயத்தை ஊடுருவிப்போய் அந்தத் தண்ணீரை மொண்டு வருகிறார்கள். தாவீது அதைக் குடிக்க மனமில்லாமல் கர்த்தருக்கென்று ஊற்றிவிடுகிறான். தம் பிராணனைப் பணயம்வைத்தவர்களின் இரத்தமாகவே அது அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

இறையியல் கல்லூரியில் படித்த நாட்களில், இது தண்ணீரை வீணாக்கிய செயல் அல்லவா என்று நாங்கள் விவாதித்ததுண்டு. இப்போது அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. சாதாரணமாகச் சொன்ன ஒரு வார்த்தைக்கு மற்றவர்கள் என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்று அவன் அந்தக் கணத்தில் கண்டுகொண்டான். பிரசங்க பீடத்தில் நிற்கிற எவனும் அதைக் காணவேண்டும்.

அந்த அதிகாரம் எப்படி முடிகிறது என்பதையும் கவனியுங்கள். தாவீதின் பராக்கிரமசாலிகளின் பட்டியலில் கடைசிப் பெயர் ஏத்தியனாகிய உரியா. தன் உடன்வீரர் வெளியிலே பாளயமிறங்கியிருக்கையில் தான் வீட்டுக்குப் போய் இளைப்பாற மாட்டேன் என்று நின்றவன். பிறப்பினால் அவன் இஸ்ரவேலன் அல்ல. ஆனாலும் அவனுடைய உண்மைக்கு ஒருவரும் சான்றிதழ் கேட்கவில்லை. (நம்முடைய தேசபக்தியை அடிக்கடி விசாரிக்கிறவர்களுக்கு முன் நாம் பதறவேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.) மூவருடைய இரத்தத்தைக் குடிக்கக் கூசின அதே தாவீது, உரியாவின் இரத்தத்தைத் தன் பாவத்தை மூடும்படி செலவழித்தான். வீரர்களை மதிக்கிற கையும் அவர்களை மலிவாய்ச் செலவழிக்கிற கையும் ஒருவனுடையதாகவே இருக்கக்கூடும் என்பதை வேதம் ஒளிக்கவில்லை. உரியாவின் பெயரை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போனேன். முதலில் என் மகனைப் பற்றி அவர்களிடம் சொன்னேன். பிறகு, “நீங்கள் கேட்ட ஜெபத்தை என்னால் செய்யமுடியாது, அம்மா. ஆனால் அவனைப் போகச் சொல்லவும் எனக்கு உரிமை இல்லை” என்றேன். அவன் ஏன் போக விரும்புகிறான் என்பதை அவனே தன் தாயிடம் விளக்கினான். சீருடையைப் பற்றியோ பதக்கத்தைப் பற்றியோ பேசவில்லை. 2015 வெள்ளத்தில் தங்கள் தெருவுக்கு ஒரு படகு வந்ததையும், அதில் வந்த வீரர் ஒருவர் பாட்டியைத் தோளில் சுமந்து இறக்கியதையும் சொன்னான். அந்த வீரருக்குத் தமிழ் தெரியாதாம். தாய்க்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. மகன் அதை இத்தனை வருடம் மனதில் வைத்திருந்தது தெரிந்திருக்கவில்லை.

பிறகு வேதபகுதியை வாசித்தோம். முடித்ததும் அந்தச் சகோதரி, “அந்த மூன்று பேருடைய தாய்மாரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே, ஐயா?” என்று கேட்டார்கள்.

இல்லை, அம்மா, என்றேன்.

சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்பு மூவரும் முழங்காற்படியிட்டோம். அடுத்த மாதம் அவன் பெங்களூருக்குப் போகிறான். உங்கள் குடும்ப ஜெபத்தில் அவனையும் அவன் தாயையும் நினைத்துக்கொள்ளுங்கள்.