ஹரியானா கம்பெனி மேல் திண்டுக்கல்லில் வழக்கு

அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த மிக்ஸி மூன்றாம் மாதமே, தேங்காய் அரைக்கும்போது புகைந்துவிட்டது. ஜாரைத் தூக்கிப் பார்த்தேன். பல் பல்லாக இருந்த கப்ளர் உருகி, தார் மாதிரி வழிந்து அடியில் ஒட்டியிருந்தது. அந்த நேரம் அம்மா கையை வைத்திருந்தால்? இன்னும் மனசு பதறுகிறது.

தயாரித்த கம்பெனி ஹரியானாவில். நாலு தடவை புகார் எண் கொடுத்தார்கள், ஆள் மட்டும் வரவே இல்லை. "நாலாயிரம் ரூபாய்க்காக வடக்கே அலையப் போறியா? விட்டுத் தள்ளு" என்றார் மாமா.

அலைய வேண்டியதில்லை மாமா. 1986 சட்டத்தில் கம்பெனி இருக்கும் ஊரையோ, பிரச்சினை எழுந்த இடத்தையோ பார்த்துத்தான் வழக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம் என்று மாற்றிவிட்டது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, நாமே பேசலாம். 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். எத்தனை பேர் இது தெரியாமலே பழுதான பொருளைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள்!

பில், வாரண்டி அட்டை, புகார் எண் வந்த குறுஞ்செய்திகள் எல்லாம் நகலெடுத்துச் சேர்த்தேன். உருகின கப்ளரைத் துடைக்கக்கூட இல்லை. ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னால் அதுதான் சாட்சி.

நேற்று மனுவைக் கொடுத்துவிட்டேன். அம்மா இப்போதைக்கு அம்மியில் அரைக்கிறார்.